இயேசுவின் உவமைகள் முதலில் பாட்டுகளாக இருந்தவையா?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டபடி திரும்பச் சொல்கிறேன். ஒரு வேதபாட வகுப்பில் பேசியவர், இயேசு சொன்ன உவமைகள் எல்லாம் முதலில் பாடப்பட்டவை, சுவிசேஷங்களை எழுதியவர்கள்தான் பிற்பாடு அவற்றை உரைநடையாக்கினார்கள் என்று சொல்லியிருக்கிறார். ஆதாரம் கேட்டதற்கு லூக்காவின் முதல் இரண்டு அதிகாரங்களில் வரும் பாட்டுகளைக் காட்டினாராம். அது சரியா என்று கேட்கிறீர்கள். ஆனால் கடைசி வரியில், உவமைக்கும் பாட்டுக்கும் ஏதோ உறவு இருப்பதாக உங்களுக்கும் படுகிறது, அது என்னவென்று பிடிபடவில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். உங்களை உறுத்துவது அந்தக் கடைசி வரிதான் என்று நினைக்கிறேன்.

என்னைப் பற்றி ஒரு வார்த்தை. இறையியல் மாணவர்களுக்குப் புதிய ஏற்பாட்டுக் கிரேக்கம் சொல்லிக்கொடுத்து இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. எபிரெயம் வாசிப்பேன். அரமேயமும் சீரியமும் அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான். இசை எனக்குத் தெரியாது. ஆகவே ராகம், தாளம் பற்றி என்னிடம் எதுவும் எதிர்பார்க்காதீர்கள். சொல்லைப் பற்றி மட்டும் பேசுகிறேன்.

உவமைகள் முதலில் பாட்டுகளாக இருந்தன என்பதற்கு ஆதாரம் கிடையாது. நான்கு சுவிசேஷங்களில் எந்த இடத்திலும் இயேசு ஓர் உவமையைப் பாடினார் என்று இல்லை. சொன்னார், பேசினார், மத்தேயு 13:24-இன் கிரேக்கத்தில் ‘முன்வைத்தார்’ என்றுகூட வருகிறது. பாடினார் என்ற சொல் மட்டும் வருவதில்லை. அவர் பாடியதாகச் சொல்லப்படும் சந்தர்ப்பம் ஒன்றே ஒன்று: கடைசி இராப்போஜனம் முடிந்து, ஸ்தோத்திரப்பாட்டைப் பாடிவிட்டு ஒலிவமலைக்குப் போனார்கள் என்று மாற்கு 14:26-உம் மத்தேயு 26:30-உம் சொல்கின்றன. அந்தப் பாட்டுக்குக் கடைசியில் வருகிறேன். உங்கள் கேள்விக்கான பதிலில் பாதி அங்கேதான் இருக்கிறது.

லூக்காவைக் காட்டியது அவருக்கே எதிராகத் திரும்பும் சாட்சி. மரியாள், சகரியா, தேவதூதர்கள், சிமியோன் என்று நான்கு பேர் வாயிலாக நான்கு பாட்டுகள் அங்கே வருகின்றன. கிரேக்கத்தில் நான்கையும் பாருங்கள். மரியாள் சொன்னாள். சகரியா தீர்க்கதரிசனமாகச் சொன்னான். தூதர்கள் துதித்துச் சொன்னார்கள். சிமியோன் சொன்னான். ‘மரியாளின் பாடல்’ என்று அச்சிட்ட வேதாகமங்களில் மேலே இருக்கும் தலைப்பு பதிப்பாசிரியர்கள் போட்டது, லூக்கா போட்டதல்ல. அவற்றின் அமைப்பு எபிரெயக் கவிதையின் அமைப்பு என்பதில் சந்தேகமில்லை. ஒரு வரி சொன்னதை அடுத்த வரி வேறு சொல்லால் திரும்பச் சொல்லும் அந்த இணைநடை நான்கிலும் இருக்கிறது. மேற்கத்தியத் திருச்சபையின் அன்றாட ஜெபத்தில் சகரியாவின் பாட்டு காலையிலும், மரியாளின் பாட்டு மாலையிலும், சிமியோனின் பாட்டு இரவிலும் நூற்றாண்டுகளாகப் பாடப்பட்டு வருகின்றன. லூக்கா எழுதும்போதே இவை சபைகளில் பாடப்பட்டனவா, அவரே இயற்றினாரா என்பதில் அறிஞர்கள் ஒத்துப்போவதில்லை. மரியாளின் பாட்டில் 48-ஆம் வசனத்தை எடுத்துவிட்டால் குழந்தை பிறக்கப்போவதைப் பற்றி அதில் ஒன்றுமே இல்லை. ஆகவே முன்பே இருந்த ஒரு பாட்டை லூக்கா எடுத்து அங்கே வைத்தார் என்று ஊகிப்பவர்கள் உண்டு. ஊகம் மோசமில்லை, நிரூபணமும் இல்லை.

இனி உங்கள் கடைசி வரி. நாம் ‘உவமை’ என்று வாசிக்கும் இடத்தில் கிரேக்கத்தில் ‘பரபொலே’ இருக்கிறது. பழைய ஏற்பாட்டைக் கிரேக்கமாக்கிய யூதர்கள் அந்தச் சொல்லை எபிரெய ‘மாஷால்’ என்பதற்கு ஈடாக வைத்தார்கள். இந்த மாஷால் பெரிய குடும்பம். நீதிமொழிகள் புத்தகத்தின் எபிரெயப் பெயரே அதன் பன்மைதான். பிலேயாம் மலைமேல் நின்று எடுத்துரைத்த கவிதையும் மாஷால். ஏசாயா 14-இல் பாபிலோன் ராஜாவை எள்ளி நகையாடும் நீண்ட பாட்டும் மாஷால். எண்ணாகமம் 21:27-இல் எஸ்போன் பட்டணத்தைப் பற்றிப் பாட்டுக் கட்டியவர்களுக்குப் பெயர் ‘மோஷெலீம்’, அதாவது மாஷால் சொல்பவர்கள். ஆக, பழமொழி, விடுகதை, வசைப்பாட்டு, கதை எல்லாம் ஒரே கூரையின் கீழ். தமிழில் ஓரிடத்தில் நீதிமொழி, ஓரிடத்தில் உவமை என்று பிரித்து மொழிபெயர்க்கவேண்டி வந்ததால் இவை உடன்பிறப்புகள் என்பது நம் கண்ணுக்குத் தெரிவதில்லை.

தமிழ் வாசகருக்கு இங்கே இன்னொரு சிக்கலும் உண்டு. உவமை என்றதும் நமக்கு ‘மலர் போன்ற முகம்’ நினைவுக்கு வருகிறது. மாஷால் அப்படி ‘போல’ என்று வெளிப்படையாகப் பிடித்துக் காட்டவேண்டிய அவசியமில்லாதது. தொல்காப்பியம் உள்ளுறை உவமம் என்றும் ஏனை உவமம் என்றும் இரண்டாகப் பிரிக்கிறதே, அதில் உள்ளுறை உவமம்தான் இதற்குக் கிட்டத்தில் வரும். சொல்லப்படுவது மீனும் கொக்கும்; சொல்ல வந்தது தலைவனும் பரத்தையும். பொருளைக் கேட்பவரே எடுத்துக்கொள்ள வேண்டும். இரண்டும் ஒரே மரபிலிருந்து வந்தவை என்று சொல்லவரவில்லை; நம் காதுக்குப் பழக்கமான ஒரு கைப்பிடி, அவ்வளவே.

மாஷாலைப் பாட்டோடு நேராகச் சேர்த்துப் பேசும் இரண்டு சங்கீதங்களை உங்களுக்குச் சுட்ட வேண்டும். சங்கீதம் 49:4-இல் பாடகர் மாஷாலுக்குச் செவிசாய்த்து, தன் விடுகதையைச் சுரமண்டலத்தின் துணையோடு திறந்து வைப்பதாகச் சொல்கிறார். ‘என் வாயை உவமைகளால் திறப்பேன்’ என்று தொடங்கும் சங்கீதம் 78:2 அதைவிட முக்கியம். அது 72 வசனம் நீளும் சரித்திரப் பாட்டு. எகிப்திலிருந்து தாவீது வரை போகிறது. இயேசு ஏன் உவமைகளாகவே பேசினார் என்று விளக்க மத்தேயு 13:35 எடுத்துக்காட்டும் வசனம் இதுதான். உவமைக்கு விளக்கம் தேடிய சுவிசேஷகரின் கை ஒரு பாட்டின் மேல் போய் நின்றது. உங்களுக்குத் தோன்றிய உறவு மத்தேயுவுக்கும் தோன்றியிருக்கிறது என்று துணிந்து சொல்லலாம்.

உவமைகளுக்குள் கவிதையின் ஓசை உண்டா என்றால், சிலவற்றில் உண்டு. மலைப்பிரசங்கத்தின் முடிவில் வரும் இரண்டு வீடுகளை (மத்தேயு 7:24-27) வாய்விட்டு வாசியுங்கள். மழை சொரிந்தது, வெள்ளம் வந்தது, காற்று அடித்தது, வீட்டின்மேல் மோதியது, விழவில்லை. மறுபடி அதே மழை, அதே வெள்ளம், அதே காற்று, அதே வரிசை, விழுந்தது. சொற்கள் அப்படியே திரும்ப வருவதால் கடைசிச் சொல் மாறும்போது திடுக்கென்கிறது. லூக்கா 6:47-49-இல் அதே உவமைதான். ஆழமாய்த் தோண்டினான், ஆறு மோதியது என்று விவரம் இருக்கிறது, ஓசை போய்விட்டது. நீளமான உவமைகளோ, உதாரணமாக நல்ல சமாரியன், நேரான கதை. அவற்றில் பாட்டைத் தேடுவது வீண். கிரேக்கத்திலிருந்து அரமேயத்துக்குத் திருப்பி மொழிபெயர்த்து, ‘இதோ சந்தம்’ என்று காட்டுபவர்களிடம் கொஞ்சம் எச்சரிக்கையாக இருங்கள். திருப்பி மொழிபெயர்ப்பவர் விரும்பும் சந்தம் கிடைத்துவிடும்.

ஓர் இடத்தில் மட்டும் எனக்கே அந்தச் சபலம் வருகிறது. சந்தைவெளியில் உட்கார்ந்து மற்றப் பிள்ளைகளைக் குறைசொல்லும் சிறுபிள்ளைகள், மத்தேயு 11:17. குழல் ஊதினோம், நீங்கள் கூத்தாடவில்லை. புலம்பினோம், நீங்கள் மாரடிக்கவில்லை. கல்யாண விளையாட்டுக்கும் வரமாட்டேன், சாவு விளையாட்டுக்கும் வரமாட்டேன் என்று முறுக்கிக்கொண்ட கூட்டாளிகளைப் பார்த்துப் பாடும் கேலிப்பாட்டு மாதிரியே இருக்கிறது. கிரேக்கத்தில் இதற்கு விசேஷ ஓசை இல்லை. ஆனால் பழைய சீரிய மொழிபெயர்ப்பில் ஆடினீர்கள் என்பதற்கு ‘ரக்கெத்தோன்’, மாரடித்தீர்கள் என்பதற்கு ‘அர்க்கெத்தோன்’. ஒரே வேர்ச்சொல்லில் இரண்டும். சீரியம் இயேசு பேசிய அரமேயத்தின் நெருங்கிய உறவு. தெருப்பிள்ளைகளின் உண்மையான பாட்டு ஒன்றை அவர் எடுத்து உவமையாக்கியிருக்கலாம். இருக்கலாம் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். மொழிபெயர்த்தவரின் சாமர்த்தியமாகவும் இருக்கக்கூடும்.

லூக்காவின் பாட்டுகளுக்கும் உவமைகளுக்கும் தொடர்பு உண்டா என்று தனியாகக் கேட்டிருந்தீர்கள். உண்டு, ஆனால் அது லூக்கா தன் புத்தகத்தைக் கட்டிய விதத்தில் இருக்கிறது. மரியாளின் பாட்டு அன்னாளின் பாட்டை (1 சாமுவேல் 2) அடியொற்றியது. பசித்தவர்கள் நிரப்பப்படுகிறார்கள், ஐசுவரியவான்கள் வெறுங்கையாய் அனுப்பப்படுகிறார்கள். பிறகு லூக்காவில் மட்டும் வரும் உவமைகளைப் பாருங்கள்: களஞ்சியத்தை இடித்துப் பெரிதாகக் கட்டப்போன பணக்காரன், வாசலில் கிடந்த லாசரு, தலையை நிமிர்த்தத் துணியாமல் மார்பில் அடித்துக்கொண்ட ஆயக்காரன். பாட்டில் ஒரு வரியாக இருந்தது உவமையில் ஆளாகவும் வாசலாகவும் நாயாகவும் வந்து நிற்கிறது. கெட்டுப்போன குமாரன் கதையின் முடிவும் நினைவிருக்கட்டும். வயலிலிருந்து வரும் மூத்தவனுக்கு முதலில் கேட்பது வீட்டுக்குள்ளிருந்து வரும் வாத்தியமும் ஆட்டமும் (15:25). பாட்டுச் சத்தம் கேட்டு உள்ளே போக மறுக்கிறான். குழல் ஊதியும் ஆடாத பிள்ளைகள் லூக்கா 7-லும் இருக்கிறார்கள் என்பதைச் சேர்த்துப் பார்ப்பது என் வழக்கம். லூக்கா வேண்டுமென்றே செய்தாரா என்று அடித்துச் சொல்லமாட்டேன்.

எதிர்த்திசையில், அதாவது உவமை பாட்டாக மாறிய சரித்திரம் நன்றாகவே தெரியும். 6-ஆம் நூற்றாண்டில் கான்ஸ்தாந்திநோபிளில் பாடிய ரோமானோஸ் பத்துக் கன்னிகைகளையும் கெட்டுப்போன குமாரனையும் நீண்ட பாட்டுகளாக்கினார். ஜெர்மன் போதகர் பிலிப் நிக்கோலாய் 1599-இல் வெளியிட்ட ‘விழித்தெழு’ என்ற பாட்டும் கன்னிகைகளைப் பற்றியதே. அதை வைத்துத்தான் ஜெர்மன் இசையமைப்பாளர் பாக் 1731-இல் தன் கான்டாட்டாவை (ஆராதனைக்கான இசைத்தொகுப்பை) அமைத்தார். அந்தப் பாட்டில் புத்தியில்லாத ஐந்து பேர் இல்லை, அடைபட்ட கதவும் இல்லை! மணவாளன் வருகிறார், புத்தியுள்ளவர்கள் எழுகிறார்கள், விருந்து. ஜான் நியூட்டன் 1772-இல் எழுதிய, உலகமெங்கும் பாடப்படும் ‘அமேசிங் கிரேஸ்’ பாட்டில் ‘காணாமற்போயிருந்தேன், கண்டுபிடிக்கப்பட்டேன்’ என்று ஒரு வரி வரும். லூக்கா 15:24-இல் அந்த வார்த்தையைச் சொல்வது தகப்பன், மகனைப் பற்றி. பாட்டில் அது மகனுடைய வாய்க்கு மாறிவிட்டது. 1874-இல் அமெரிக்க நற்செய்திப் பாடகர் ஐரா சாங்கி ஸ்காட்லாந்தில் ஒரு ரயில் பயணத்தில் செய்தித்தாளில் கண்ட எலிசபெத் கிளெஃபேனின் கவிதைக்கு எடின்பரோக் கூட்டத்தில் அப்போதைக்கப்போதே மெட்டமைத்துப் பாடியதாக அவரே எழுதியிருக்கிறார். தொண்ணூற்றொன்பது ஆடுகளும் காணாமற்போன ஒன்றும். உவமை ‘உங்களில் எவன்...’ என்று கேள்வியாகத் தொடங்குகிறது. பாட்டில் கேள்வி போய், மேய்ப்பன் முள்ளிலும் இருட்டிலும் நடக்கும் கதை மட்டும் நிற்கிறது. இந்தப் பாட்டுகள் எனக்குப் பிடித்தவை, குறைசொல்வதற்காகச் சொல்லவில்லை. பாட்டைச் சபை முழுவதும் ஒரே குரலில் பாட வேண்டும். உவமையோ கேட்பவர்களை இரண்டாகப் பிரிக்கும். ஆகவே பாட்டாகும்போது முள் உதிர்ந்துவிடுகிறது. மூத்த குமாரனின் குரலில் சபை பாடும் பாட்டை நான் இதுவரை கேட்டதில்லை.

முள் உதிராத பாட்டு ஒன்று உண்டு. அது உவமைக்கு முந்தியது. கி.மு. 8-ஆம் நூற்றாண்டில் ஏசாயா, தன் நேசரைப் பற்றி, அவருடைய திராட்சத்தோட்டத்தைப் பற்றி ஒரு பாட்டுப் பாடப்போகிறேன் என்று ஆரம்பிக்கிறார் (5:1-7). காதல் பாட்டு என்றுதான் கூட்டம் நினைத்திருக்கும். நேசர் வளமான மேட்டைக் கொத்துகிறார், கல் பொறுக்குகிறார், நல்ல கொடி நடுகிறார், நடுவில் கோபுரம் கட்டுகிறார், ஆலைக்குழி வெட்டுகிறார். காய்த்தது நாறும் பழம். மூன்றாம் வசனத்தில் பாட்டு திடீரென்று கேட்பவர்கள் பக்கம் திரும்புகிறது: எருசலேமின் குடிகளே, எனக்கும் என் தோட்டத்துக்கும் நீங்களே நியாயம் தீருங்கள். அவர்கள் மனதில் தீர்ப்பு எழுதி முடித்த பிறகுதான் ஏழாம் வசனம் வருகிறது: அந்தத் தோட்டம் நீங்கள்தான். தீர்க்கதரிசி நாத்தான் ஆட்டுக்குட்டிக் கதை சொல்லித் தாவீதை அவன் வாயாலேயே தீர்ப்புச் சொல்ல வைத்த அதே தந்திரம், இங்கே பாட்டில். முடிவில் இரண்டு சிலேடைகள்: ‘மிஷ்பாத்’தை (நியாயத்தை) எதிர்பார்த்தார், வந்தது ‘மிஸ்பாக்’ (கொடுமை), ‘செதாகா’வை (நீதியை) எதிர்பார்த்தார், கேட்டது ‘செஆகா’ (கூக்குரல்). மாணவர்களுக்கு நான் இதைத் தமிழில் இப்படிச் சொல்வதுண்டு: நீதியை எதிர்பார்த்தார், வந்தது பீதி, முறையை எதிர்பார்த்தார், கேட்டது முறையீடு. இரண்டாவது பாதி மூலத்துக்கு மிக நெருக்கமாக அமைந்ததில் எனக்குக் கொஞ்சம் பெருமை.

இந்தப் பாட்டைத்தான் மாற்கு 12-இல் இயேசு எருசலேம் தேவாலயத்தில் உவமையாகச் சொல்கிறார். வேலி, ஆலைக்குழி, கோபுரம் என்று ஏசாயாவின் தளவாடங்கள் அப்படியே வருகின்றன. ஆனால் குற்றவாளி மாறிவிட்டது. ஏசாயாவில் தோட்டம் கெட்டது. இங்கே தோட்டத்தில் கோளாறு இல்லை, குத்தகைக்காரர்கள் கெட்டவர்கள். ஏசாயாவின் அரமேய விளக்கவுரையில் கோபுரம் தேவாலயம் என்றும் ஆலைக்குழி பலிபீடம் என்றும் பொருள் சொல்லப்பட்டிருக்கிறது. அந்த உரை தொகுக்கப்பட்டது பிற்காலத்தில்தான். ஆனால் சவக்கடல் அருகே கும்ரானில் கிடைத்த, இயேசுவுக்கு முந்திய யூதச் சுவடித் துண்டு ஒன்றும் இதே திசையில் போகிறது. அப்படியானால் கோபுரம் என்ற சொல்லைக் கேட்டவுடனே பிரதான ஆசாரியர்களுக்கு உறைத்திருக்கும். தங்களைக் குறித்தே சொன்னார் என்று அறிந்தார்கள் என்று மாற்கு எழுதுகிறார். இயேசுவே ஏசாயாவைச் சேர்த்தாரா, பிற்காலத்தில் சேர்ந்ததா என்ற வழக்கு இன்னும் முடியவில்லை. லூக்கா வேலியையும் கோபுரத்தையும் விட்டுவிடுகிறார். 1945-இல் எகிப்தின் நாக் ஹம்மாதி அருகே கிடைத்த, வேதாகமத்தில் சேராத தோமாவின் சுவிசேஷத்தில் 65-ஆம் வாக்காக இதே கதை ஏசாயாவின் சாயலே இல்லாமல் வருகிறது. அதுதான் பழைய வடிவம் என்பவர்கள் உண்டு. நான் அந்தப் பக்கம் சாய்வதில்லை, காரணம் அடுத்த வாக்கு.

66-ஆம் வாக்கு கல்லைப் பற்றியது. மாற்கிலும் உவமை கல்லில்தான் முடிகிறது: வீடுகட்டுகிறவர்கள் ஆகாதென்று தள்ளின கல்லே மூலைக்குத் தலைக்கல்லாயிற்று, சங்கீதம் 118:22. தோட்டத்துக்கும் கல்லுக்கும் என்ன சம்பந்தம்? எபிரெயத்தில் குமாரன் ‘பேன்’, கல் ‘எபென்’. தோட்டத்துக்கு வெளியே எறியப்பட்ட பேன், கட்டுகிறவர்கள் எறிந்த எபென். கிரேக்கத்தில் இந்த ஓசை இல்லை. அரமேயத்திலும் குமாரன் ‘பார்’ என்பதால் பொருந்தாது. சங்கீதத்தை எபிரெயத்தில் சொல்லும்போது மட்டுமே காதில் விழும். இது நான் நம்பும் விளக்கம், எல்லோரும் ஏற்றதல்ல. தோமாவும் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருப்பதைப் பார்த்தால் தோட்டமும் கல்லும் தொடக்கத்திலேயே சேர்ந்திருந்தன என்று எனக்குத் தோன்றுகிறது. தோமாவே மற்றச் சுவிசேஷங்களைப் பார்த்து எழுதப்பட்டது என்று யாராவது மறுத்தால், அதற்கும் இடமிருக்கிறது.

பாட்டிலிருந்து பிறந்து பாட்டின் ஒரு வரியில் போய் முடிந்த உவமை இது. சில நாட்களில் அந்த இராப்போஜனம். எகிப்திலிருந்து விடுதலையானதை நினைவுகூரும் பஸ்கா பண்டிகை விருந்தில் சங்கீதம் 113 முதல் 118 வரை பாடுவது யூத வழக்கம். சுமார் கி.பி. 200-இல் தொகுக்கப்பட்ட யூதச் சட்டத்தொகுப்பான மிஷ்னா, விருந்துக்கு முன் எதுவரை பாடுவது என்று ஹில்லேல், ஷம்மாய் என்ற இரண்டு பள்ளிகள் வாதாடியதைப் பதிவுசெய்திருக்கிறது. ஆகவே வழக்கம் பழையது. மீதியை விருந்துக்குப் பின் பாடுவார்கள், 118-தான் முடிவு. மாற்கு சொல்லும் ஸ்தோத்திரப்பாட்டு இதுவாக இருக்கவே வாய்ப்பு அதிகம். நிச்சயம் என்று சொல்ல முடியாததற்குக் காரணம் யோவான்: அவர் கணக்குப்படி அந்த விருந்து பஸ்காவுக்கு முந்தின இரவு. மாற்கின் கணக்கை ஏற்றால், ஒலிவமலைக்குப் புறப்படுமுன் இயேசு கடைசியாகப் பாடிய பாட்டில் அந்தக் கல் இருந்தது.

அந்த வகுப்புக்கு மறுபடி போனால் வாதாட வேண்டாம். ஏசாயா 5-ஐ வாய்விட்டு வாசியுங்கள். ஆறாம் வசனத்தோடு நிறுத்தி, யார் பக்கம் நியாயம் என்று கேளுங்கள். எல்லோரும் பதில் சொன்ன பிறகு ஏழாம் வசனத்தை வாசியுங்கள்.